‘மூலிகை’ கேப்சூலும் 2.9 பொட்டாசியமும்: எடைக்குறைப்பு மாத்திரை பற்றிய ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

வேளச்சேரியில் வசிக்கும் 34 வயதுப் பெண். தரமணிப் பக்கம் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை, மதியம் 12 முதல் இரவு 9 வரை ஷிஃப்ட். கணவர், மாமியார், ஆறு வயதுக் குழந்தை என்று வீட்டில் நான்கு பேர். பிரசவத்துக்குப் பிறகு ஏறிய எடை இறங்கவில்லை. உயரம் 156 செ.மீ., எடை 78.4 கிலோ, இடுப்புச் சுற்றளவு 98 செ.மீ. உடல் நிறை குறியீடு 32. இந்தியர்களுக்கு 23க்கு மேல் அதிக எடை, 25க்கு மேல் உடல் பருமன் என்று கணக்கிடுகிறோம். பெண்களுக்கு இடுப்பு 80 செ.மீ.யைத் தாண்டக் கூடாது. எனவே எடையைக் குறைக்க வேண்டும் என்று அவர் நினைத்ததில் தவறே இல்லை.

தைராய்டு குறைபாட்டுக்கு லெவோதைராக்சின் 75 மைக்ரோகிராம் எடுத்து வந்தார். மார்ச் மாதப் பரிசோதனையில் டி.எஸ்.எச். (தைராய்டைத் தூண்டும் ஹார்மோன்; மாத்திரை அதிகமானால் இறங்கும், போதாவிட்டால் ஏறும்) 3.2, மூன்று மாதச் சர்க்கரை சராசரி 6.1. அதாவது தைராய்டு கட்டுக்குள் இருந்தது, சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலை தொடங்கியிருந்தது. வேறு நோய் இல்லை. இன்னொரு குழந்தை பெறும் எண்ணமும் இருந்தது.

மே கடைசியில், பக்கத்து பிளாக்கில் இருப்பவர் நடத்தும் வாட்ஸ்அப் குழு வழியாக ஒரு டப்பா கேப்சூலும் ‘டீடாக்ஸ் டீ’ பாக்கெட்டும் வாங்கினார். முதல் வாரம் காலையில் ஒரு கேப்சூல், பிறகு இரண்டு, இரவில் ஒரு டீ. இதுதான் அவருக்குச் சொல்லப்பட்ட முறை.

முதல் மூன்று வாரம்

முதல் வாரத்திலேயே 2 கிலோ இறங்கியது. பசியே இல்லை, மதியச் சாப்பாட்டில் பாதியை வைத்துவிடுவார். நாக்கு வறண்டது, தூக்கம் இரவு 2 மணி, 3 மணி என்று தள்ளிப்போனது. தினம் நாலைந்து முறை வயிறு போனது. “உள்ள இருக்கற கழிவெல்லாம் வெளிய வருது, அப்படித்தான் இருக்கும்” என்று குழுவில் பதில் வந்தது.

மூன்றாவது வாரம் படபடப்பு தாங்காமல் வீட்டருகே ஒரு கிளினிக்குக்குப் போனார். நாடித்துடிப்பு 104, ரத்த அழுத்தம் 142/90. வேறு என்ன மாத்திரை எடுக்கிறீர்கள் என்ற கேள்விக்கு, “தைராய்டு மட்டும்தான் டாக்டர்” என்றார். அவர் மறைக்கவில்லை. கேப்சூலும் டீயும் அவர் கணக்கில் மாத்திரையே அல்ல, மூலிகை. தைராய்டு மாத்திரை அதிகமானால் படபடப்பு, தூக்கமின்மை, எடைக்குறைவு, வயிற்றுப்போக்கு எல்லாமே வரும். ஆகவே அந்தத் திசையில் யோசித்தது இயல்புதான். ஆனால் ரத்தப் பரிசோதனை இல்லாமலேயே 75 என்பது 50 ஆனது. மார்ச்சில் 3.2 இருந்த டி.எஸ்.எச்.சை ஒருமுறை திரும்பப் பார்த்திருந்தால், குற்றவாளி தைராய்டு மாத்திரை இல்லை என்பது அன்றே தெரிந்திருக்கும்.

மயக்கம்

ஆறாவது வாரம், ஜூலை தொடக்கம். மருத்துவரைப் பார்ப்பதற்காக முன்னதாகவே வேலையிலிருந்து கிளம்பியவர், மாலை 7 மணி அளவில் வேளச்சேரி பறக்கும் ரயில் நிலையப் படிக்கட்டில் கண் இருட்டி உட்கார்ந்தார். சில நொடிகள் நினைவில்லை. உடன் வந்தவர்கள் ஆட்டோவில் ஏற்றி மருத்துவமனைக்குக் கொண்டு சேர்த்தார்கள். இப்படிப்பட்ட நேரத்தில் 108 தான் சரி, வழியிலேயே மருத்துவ உதவி கிடைக்கும்.

அவசரப் பிரிவில் பார்த்தவை: நாடித்துடிப்பு 118. ரத்த அழுத்தம் படுத்திருக்கையில் 156/98, எழுந்து நின்றதும் 132/86. சர்க்கரை 92. கெண்டைக்கால் தசை இழுப்பு, விரல்களில் நடுக்கம். எடை 71.9 கிலோ. கர்ப்பப் பரிசோதனை நெகட்டிவ், ட்ரோபோனின் (இதயத் தசை சேதத்தைக் காட்டும் புரதம்) இயல்பு. ஈசிஜியில் டி அலை தட்டையாகி, அதன் பின்னால் யு அலை தெரிந்தது, கியூ.டி. இடைவெளி நீண்டிருந்தது. பொட்டாசியம் குறைந்தால் வரும் மாற்றங்கள் இவை. அரை மணி நேரத்தில் ரத்த முடிவு வந்தது: பொட்டாசியம் 2.9 (இயல்பு 3.5 முதல் 5.0), மெக்னீசியம் 1.5, அதுவும் குறைவு. கல்லீரல் நொதி லேசாக உயர்ந்திருந்தது. டி.எஸ்.எச். 7.4, மாத்திரையைக் குறைத்ததன் விளைவு.

இந்த எண்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை. வயிற்றுப்போக்கால் நீர் வற்றியவருக்கு ரத்த அழுத்தம் குறைய வேண்டும், இவருக்கோ படுத்திருக்கும்போதே ஏறி நிற்கிறது. ஆக, ஒரு பொருள் நீரையும் உப்பையும் வெளியே தள்ளுகிறது, இன்னொரு பொருள் இதயத்தை முடுக்குகிறது. இரண்டு வேலையையும் ஒரே நோய் செய்வது அபூர்வம். பணியில் இருந்த மருத்துவர் கேள்வியை மாற்றிக் கேட்டார்: “மாத்திரைய விடுங்க. பவுடர், கேப்சூல், டீ, லேகியம், ஜிம்முல குடுத்தது, யாராவது அனுப்பினது, ஏதாவது இருக்கா?” அப்போதுதான் பேச்சு வந்தது. ஒரு மணி நேரத்தில் மாமியார் டப்பாவைக் கொண்டுவந்தார்.

டப்பா

வெள்ளை பிளாஸ்டிக் டப்பா, பச்சை இலைப் படம், ‘100% மூலிகை’. உற்பத்தி உரிம எண், தொகுதி எண், தயாரித்த தேதி, காலாவதித் தேதி, தயாரிப்பாளர் முகவரி எதுவும் இல்லை. உணவுப் பொருள் என்று விற்றால் 14 இலக்க எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. எண் இருக்க வேண்டும், அதுவும் இல்லை. டீ பாக்கெட்டில் மட்டும் சின்ன எழுத்தில் நிலவாகை என்று இருந்தது. நிலவாகை இலை பேதிக்கானது. ஓரிரு நாள் மலச்சிக்கலுக்கு எடுப்பது வேறு, ஆறு வாரம் தினமும் குடிப்பது வேறு.

மருந்தக அலுவலர் ஒரு கேப்சூலைப் பிரித்து, பொடியைச் சாராய ஸ்பிரிட்டில் கரைத்து, வடிகட்டி, தெளிந்த நீரில் சோடியம் ஹைட்ராக்சைடு என்ற காரக் கரைசலைச் சொட்டினார். அடர் ரோஜா நிறம் பொங்கியது. இது மட்டும் போதாது. மஞ்சள் தூள் இருந்தாலும் காரம் பட்டால் சிவக்கும், ஆரத்தித் தட்டில் மஞ்சளும் சுண்ணாம்பும் செய்வது அதைத்தான். அதனால் அடுத்து அமிலம் சேர்த்தார். மஞ்சள் தூளாக இருந்தால் மறுபடி மஞ்சள் நிறத்துக்குத் திரும்பும். நிலவாகை வகைச் சத்தும் அப்படியே மஞ்சளாகும். இந்தக் கரைசல் தண்ணீர்போல நிறமற்றுப் போனது. பினால்ப்தலீன் என்ற பழைய பேதி மருந்தின் குணம் அது. விலங்குச் சோதனைகளில் புற்றுநோய் ஐயம் எழுந்ததால் அமெரிக்கா 1990களின் இறுதியில் இதைக் கடைகளிலிருந்து எடுத்துவிட்டது.

இதயத்தை முடுக்குவது எது என்பதை இப்படி நிறம் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. ஆனால் பசியின்மை, நாக்கு வறட்சி, தூக்கமின்மை, ஏறிய அழுத்தம், விரைந்த நாடி ஆகிய ஐந்தும் சேர்ந்தால் முதல் சந்தேகம் சிபுட்ராமின் மீதுதான். மூளையில் செரோடோனின், நார்எபிநெஃப்ரின் என்ற இரண்டு வேதிப்பொருள்களும் மறுபடி உறிஞ்சப்படுவதைத் தடுத்துப் பசியை அடக்கும் மருந்து அது. 1997 முதல் அமெரிக்காவில் சட்டப்படியே விற்றது. சுமார் 9,800 பேரிடம் நடந்த ஆய்வு 2010இல் வெளியானபோது, இதயநோய் உள்ளவர்களில் மாரடைப்பும் பக்கவாதமும் கூடுவது தெரிந்தது. அதே ஆண்டு ஐரோப்பாவும் அமெரிக்காவும் விலக்கின, 2011 பிப்ரவரியில் இந்தியா தடை செய்தது. அதற்குப் பிறகும் உலகெங்கும் ‘மூலிகை’ கேப்சூல்களில் அது திரும்பத் திரும்பப் பிடிபடுகிறது. சிபுட்ராமின் மலச்சிக்கல் உண்டாக்கும். கூடவே பேதி மருந்தைக் கலந்தால் அந்தத் தொந்தரவு மறையும், எடை மெஷினில் எண்ணும் சீக்கிரம் இறங்கும். கலப்படக்காரரின் கணக்கு இதுவாகத்தான் இருக்க வேண்டும்.

சில வாரங்கள் கழித்துத் தனியார் ஆய்வகத்தின் திரவ நிறப்பிரிகை (கலவையைப் பிரித்து அளக்கும் சோதனை) அறிக்கை இரண்டையுமே உறுதி செய்தது. அதில் கவலை தந்தது அளவு. ஒரு கேப்சூலில் 9 மி.கி. சிபுட்ராமின், அதே டப்பாவின் இன்னொன்றில் 22 மி.கி. சட்டப்படி விற்ற காலத்தில் ஒரு நாளைக்கு 10 முதல் 15 மி.கி. தான் கொடுத்தார்கள். இவர் தினம் இரண்டு விழுங்கியிருக்கிறார்.

அன்றிரவு எடுத்த முடிவுகள்

அறிக்கைக்காகக் காத்திருக்கவில்லை. கேப்சூலும் டீயும் உடனே நிறுத்தப்பட்டன.

பொட்டாசியம்: ஈசிஜியில் மாற்றம் இருந்ததால் வாய்வழி மட்டும் போதாது என்று முடிவானது. ஒரு லிட்டர் சாதா சலைனில் 40 மில்லி ஈக்விவலண்ட் பொட்டாசியம் குளோரைடு, மணிக்கு 10 என்ற வேகத்தில் நான்கு மணி நேரம், ஈசிஜி மானிட்டரின் கண்காணிப்பில். இதைவிட வேகமாகக் கைநரம்பில் ஏற்றினால் நரம்பு எரியும், இதயத் துடிப்பும் குலையும். கூடவே மெக்னீசியம் சல்பேட் 2 கிராம், ஏனெனில் மெக்னீசியம் குறைவாக இருக்கும்வரை சிறுநீரகம் பொட்டாசியத்தைப் பிடித்து வைக்காது.

உறவினர்கள் கேட்டது, “களைப்பா இருக்கா, ஒரு குளுக்கோஸ் ஏத்துங்களேன்.” நம் ஊரில் மயங்கி விழுந்தவருக்கு முதலில் கேட்கப்படும் வைத்தியம் அதுதான். இங்கே அது கெடுதல். குளுக்கோஸ் உள்ளே போனால் இன்சுலின் சுரக்கும், இன்சுலின் ரத்தத்தில் மிஞ்சியிருக்கும் பொட்டாசியத்தையும் செல்லுக்குள் தள்ளிவிடும். 2.9 இன்னும் இறங்கும். அதனால் மறுக்கப்பட்டது, காரணமும் சொல்லப்பட்டது.

ரத்த அழுத்த மாத்திரை தொடங்கவில்லை. சிபுட்ராமினின் வீரியமுள்ள சிதைபொருள்கள் 14 முதல் 16 மணி நேரத்தில் பாதியாகும், எனவே மூன்று நான்கு நாளில் உடலைவிட்டு அநேகமாகப் போய்விடும். தானே இறங்கப்போகும் அழுத்தத்துக்கு மாத்திரை கொடுத்தால் நீர் வற்றிய உடம்பில் மறுபடி மயக்கம் வரலாம். ஒரு நாளைக்கு இரண்டு முறை அளந்து எழுதுவது என்று முடிவு. ஐந்தாம் நாள் 134/86, இரண்டு வாரத்தில் 122/80.

தைராய்டு மாத்திரை பழைய 75க்கே திரும்பியது. விடிகாலை வெறும் வயிற்றில் விழுங்கி, ஃபில்டர் காபிக்கு முன் குறைந்தது அரை மணி இடைவெளி. ஆறு வாரம் கழித்து டி.எஸ்.எச். 3.4.

மறுநாள் காலை பொட்டாசியம் 3.6. மூன்றாம் நாள் வீடு திரும்பினார். பொட்டாசியம் குளோரைடு சிரப் 15 மி.லி., ஒரு டம்ளர் தண்ணீரில் கலந்து, சாப்பாட்டுக்குப் பின் இருவேளை, ஐந்து நாள். கலக்காமல் குடித்தால் வயிற்றைப் புரட்டும்.

அவர் சம்மதத்துடன் அந்த வாட்ஸ்அப் குழுவில் இருந்த இன்னும் இருவரிடம் பேசப்பட்டது. ஒருவர் மனப்பதற்றத்துக்கு எஸ்சிடலோப்ராம் எடுப்பவர், வியர்வையும் கைநடுக்கமும் இருந்தன. செரோடோனினைக் கூட்டும் இரண்டு மருந்துகள் ஒன்றாகச் சேர்ந்தால் காய்ச்சல், தசை விறைப்பு, குழப்பம்வரை போகலாம். அவர் அன்றே கேப்சூலை நிறுத்தினார். எஸ்சிடலோப்ராமைத் தானாக நிறுத்தாமல், எழுதிக் கொடுத்த மருத்துவரிடம் போகச் சொல்லப்பட்டது.

மிச்சமிருந்த கேப்சூல்கள் டப்பாவோடு கவரில் போட்டு ஒட்டப்பட்டன. பணம் அனுப்பிய ரசீதும் குழுவின் செய்திகளும் படமெடுத்து வைக்கப்பட்டன. மருந்துப் பக்கவிளைவுப் படிவம் தேசிய மருந்துக் கண்காணிப்புத் திட்டத்துக்கு அனுப்பப்பட்டது. அதன் கட்டணமில்லா எண் 1800-180-3024, பொதுமக்களும் அழைக்கலாம். தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்திலுள்ள மருந்துக் கட்டுப்பாட்டுத் துறைக்கும் எழுத்துப் புகார் போனது. விற்றவர் குழுவைக் கலைத்துவிட்டார், தயாரித்தவர் யார் என்பது இதுவரை தெரியவில்லை.

எடை திரும்ப ஏறிய வாரம்

பத்தாம் நாள் எடை 74.8. மருத்துவமனைக்கு வந்த அன்றைவிட கிட்டத்தட்ட 3 கிலோ அதிகம். இது வரும் என்று வீட்டுக்கு அனுப்பும்போதே சொல்லியிருந்தார்கள். கொழுப்பு ஒரு கிலோ கரைய சுமார் 7,700 கலோரி பற்றாக்குறை வேண்டும், அதேபோல் பத்து நாளில் 3 கிலோ கொழுப்பு சேரவும் முடியாது. போனதும் வந்ததும் பெரும்பாலும் நீர். சொல்லி வைத்திருந்தும் அவர் அழுதார், “அந்த மாத்திரைய ஒரு நாள் விட்டு ஒரு நாள் எடுக்கலாமா” என்று கேட்டார். இந்த ஒரு வாரத்தில் பின்தொடர்தல் இல்லாவிட்டால் பலர் வேறு பிராண்டு டப்பாவுக்குப் போய்விடுவார்கள். ஏழாம் நாளும் பத்தாம் நாளும் நேரில் வரச் சொன்னதன் காரணம் அதுதான்.

சட்டப்படியான மருந்துகளும் பேசப்பட்டன. ஆர்லிஸ்டாட் உணவுக் கொழுப்பில் சுமார் 30 சதவீதத்தை உறிஞ்சவிடாமல் தடுக்கும். ஓராண்டில் மருந்தில்லாத வெற்று மாத்திரையைவிட 3 கிலோ அளவுக்குத்தான் கூடுதலாகக் குறைக்கும். எண்ணெய்ப் பசையுள்ள மலம், அடக்க முடியாத அவசரம், ஏ, டி, இ, கே வைட்டமின் குறைவு உண்டு, தைராய்டு மாத்திரையிலிருந்து 4 மணி நேரம் தள்ளி எடுக்க வேண்டும். செமாகுளுடைடு வார ஊசி வேறு ரகம்: ஆய்வில் 68 வாரத்தில் சராசரியாக 15 சதவீதம் எடை குறைந்தது. ஆனால் கருத்தரிக்கத் திட்டமிடுவதற்குக் குறைந்தது இரண்டு மாதம் முன்பே நிறுத்த வேண்டும், நிறுத்தினால் எடையில் கணிசமான பங்கு திரும்பும். கணைய அழற்சி வந்தவர்களுக்கும் மெடுல்லரி வகைத் தைராய்டு புற்றுநோய் குடும்பத்தில் உள்ளவர்களுக்கும் ஆகாது. இவருக்கு வந்தது அந்த வகைத் தைராய்டு நோய் அல்ல. கர்ப்பத் திட்டம் இருந்ததால் ஊசி தள்ளிப்போடப்பட்டது, நிராகரிக்கப்படவில்லை.

சமையலறையில் மாறியவை

உணவியல் நிபுணர் முதலில் கேட்டது எண்ணெய்க் கணக்கு. நாலு பேருக்கு மாதம் 3 லிட்டர். ஒரு லிட்டர் ஏறக்குறைய 8,300 கலோரி, ஆக ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 207 கலோரி எண்ணெயிலேயே போகிறது. மாதம் 2 லிட்டர் என்று முதல் தேதியே தனி டப்பாவில் ஊற்றி வைத்தார்கள். மாமியார்தான் சமைப்பவர், எனவே பேச்சு அவரோடுதான் நடந்தது. “தாளிப்ப நிறுத்தச் சொல்லாதீங்க, அளவச் சொல்லுங்க” என்றார். நியாயமான பேச்சு. அவரை விட்டுவிட்டு மருமகளிடம் தாளைக் கொடுத்து அனுப்பும் டயட் எதுவும் நம் வீடுகளில் இரண்டு வாரம் தாண்டாது.

மதியம் சாதம் 300 கிராமிலிருந்து 150 கிராம். சமைத்த சாதம் 100 கிராம் சுமார் 130 கலோரி. குறைத்த இடத்தில் பொரியலும் கூட்டுமாக 200 கிராம். ஐந்து மணிக்கு கேன்டீன் பஜ்ஜிக்குப் பதில் டப்பாவில் 100 கிராம் கொண்டைக்கடலை சுண்டல், 160 கலோரி, 9 கிராம் புரதம். மூன்று காபிக்கும் தலா இரண்டு ஸ்பூன் சர்க்கரை ஒரு நாளைக்கு 120 கலோரி ஆகும், அது ஒவ்வொரு ஸ்பூனாகப் பாதியானது. இரவு 10 மணிக்கு நாலு தோசை சாப்பிட்டதைச் சமாளிப்பதுதான் கடினமாக இருந்தது. ஷிஃப்டை மாற்ற முடியாது. வீட்டிலிருந்து கொண்டுபோன இரவு உணவை 7:30க்கு அலுவலகத்திலேயே முடிப்பது, வீட்டுக்கு வந்தால் ஒரு டம்ளர் பால் அல்லது மோர், அவ்வளவுதான். புரதம் நாளுக்கு 60 கிராம் இலக்கு: இரண்டு முட்டை, சுண்டல், பருப்பு, தயிர், பால் ஆகியவற்றில் 43 வரும், மீதி இட்லி, சாதத்திலேயே கிடைத்துவிடும்.

நடை, சாப்பாட்டுக்குப் பின் பத்து நிமிடத்தில் தொடங்கி ஆறு வாரத்தில் வாரம் 150 நிமிடம். வாரம் இரண்டு நாள் நாற்காலியில் உட்கார்ந்து எழுவது, சுவரில் கை ஊன்றித் தள்ளுவது, தலா பத்தாக இரண்டு சுற்று. தசை கரையாமல் எடை குறைய இது வேண்டும்.

ஆறு மாதத்தில்

அக்டோபர்வரை மெல்ல இறங்கியது. தீபாவளியில் ஒரு கிலோ ஏறியது. நவம்பர் மழையில் தெருவில் முழங்கால் தண்ணீர், மூன்று வாரம் நடை நின்றது. அடுக்குமாடிப் படிக்கட்டில் ஏறி இறங்கித்தான் மீட்டார். ஜனவரியில் எடை 71.2, இடுப்பு 91, மூன்று மாதச் சர்க்கரை 5.8, கல்லீரல் நொதி இயல்பு. தொடக்க எடையில் 9 சதவீதம் குறைவு. ஆறு வாரக் கேப்சூல் காட்டிய 71.9க்கு வந்து சேர ஆறு மாதம் ஆகியிருக்கிறது, ஆனால் இந்த முறை எழுந்து நின்றால் ரத்த அழுத்தம் விழவில்லை, பொட்டாசியம் 4.2.

எடை எண் ஒன்றையே பார்க்கத் தேவையில்லை என்பதற்குச் சென்னையிலேயே சான்று உண்டு. 2006இல் வெளியான இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வில், உணவும் நடையும் மாற்றியவர்களில் மூன்றாண்டில் சர்க்கரை நோய் வரும் அபாயம் 28.5 சதவீதம் குறைந்தது, எடை பெரிதாகக் குறையாமலேயே.

மாற்ற வேண்டியவை

முதல் கிளினிக்கிலேயே இது நின்றிருக்கலாம். ‘என்ன மாத்திரை’ என்ற கேள்வியை ‘வாயில் போடுவது எல்லாம்’ என்று விரித்துக் கேட்க வேண்டும், டப்பாவைப் புகைப்படமாவது காட்டச் சொல்ல வேண்டும். ஒரு மாதத்தில் 4 கிலோவுக்கு மேல் குறைந்து படபடப்போடு வருபவருக்கு, தைராய்டு அளவைத் தொடும் முன் டி.எஸ்.எச்., பொட்டாசியம், ஈசிஜி மூன்றும் பார்க்கலாம். சாதாரண ஆய்வகத்தில் அன்றே முடிகிற பரிசோதனைகள்தான்.

மருத்துவமனையில் இரண்டு மாற்றங்கள் வந்தன. அவசரப் பிரிவுப் படிவத்தில் மருந்து வரிக்குக் கீழே ‘பவுடர் / டீ / லேகியம் / ஆன்லைன் பொருள்’ என்று தனிக் கட்டம் சேர்ந்தது. எடைக்குறைப்புப் பொருளை நிறுத்தியவர்களுக்கு ஏழாம் நாள் வருகை கட்டாயமானது, வராதவர்களுக்கு எட்டாம் நாள் செவிலியர் போன் செய்கிறார்.